பூட்டிய கதவுக்குள் ஒரு வக்கீல்

விருப்பமின்றி மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படுபவருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. அதை அவரிடம் சொல்வது யார்?

திருட்டு வழக்கில் கைதாகிறவரைக்கூட 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். ஆனால் குடும்பத்தார் மனநல மருத்துவமனையில் சேர்க்கும் ஒருவர், எந்த நீதிபதியின் முகத்தையும் பார்க்காமலே 30 நாட்கள் வரை உள்ளே இருக்க நேரலாம். இதற்கு அவருடைய நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பம் வேண்டும். தனித்தனியே பரிசோதித்த இரு நிபுணர்களின் சான்றும் வேண்டும். நியமனப் பிரதிநிதி பெரும்பாலும் உறவினர்தான்.

2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. சேர்க்கப்பட்டவர் மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம். கட்டணம் கிடையாது. 7 நாட்களுக்குள் வாரியம் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் உயர்நீதிமன்றம் போகலாம். வாரியத்தின் முன் அவர் சார்பில் வக்கீல் வாதாடலாம்.

வக்கீலுக்குப் பணம்? சட்டத்தின் 27வது பிரிவு இலவச சட்ட உதவியை உரிமையாக்குகிறது. அந்த உரிமையை அவருக்குத் தெரிவிப்பது மாஜிஸ்திரேட், போலீஸ் அதிகாரி, மருத்துவமனைப் பொறுப்பாளர் ஆகியோரின் கடமை. சிக்கலே இங்குதான். சாவியை வைத்திருப்பவரே வெளியேறும் வழியையும் சொல்ல வேண்டியிருக்கிறது. போதாததற்கு, வாரியங்களை அமைப்பதிலேயே பல மாநிலங்கள் ஆண்டுக்கணக்கில் தாமதித்தன.

குரல் கொடுக்க ஆளில்லாதபோது என்ன நடக்கும் என்பது புதிய விஷயமல்ல. எந்தக் குற்றமும் செய்யாத மனநோயாளிகள் மேற்கு வங்கச் சிறைகளில் கிடந்ததை பத்திரிகையாளர் ஷீலா பர்ஸே சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். அது அரசியல் சட்ட விரோதம் என்று 1993ல் தீர்ப்பு வந்தது. வயது வந்த பெண் ஒருவரை வலுக்கட்டாயமாக மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனதை 2018ல் தில்லி உயர்நீதிமன்றம் கண்டித்தது.

வக்கீல்களுக்கும் ஒரு தர்மசங்கடம் உண்டு. கட்சிக்காரர் 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்கிறார். குடும்பமோ 'அவர் நன்மைக்குத்தான்' என்கிறது. யார் பேச்சை எடுத்துச் சொல்வது? நோயை நிரூபிக்க டாக்டர்கள் இருக்கிறார்கள். கவலையைச் சொல்லக் குடும்பம் இருக்கிறது. நோயாளியின் விருப்பத்தைச் சொல்ல வக்கீலை விட்டால் வேறு ஆளில்லை. அவரும் குடும்பத்தின் பக்கம் சாய்ந்துவிட்டால் விசாரணை வெறும் சடங்குதான்.

தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. மனநல மருத்துவமனை ஒவ்வொன்றிலும், வார்டுக்கு உள்ளே, நோயாளியின் கண்ணில் படும் இடத்தில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். கூடவே, அவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு போனும்.