செங்கல் முட்டுக்கொடுத்த கதவு

சென்னைப் புறநகரில், அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியும் ஆவடி, பூந்தமல்லி சாலையோரங்களிலும் எழுந்திருக்கும் உயர்ந்த அடுக்குமாடிகளில், ஒவ்வொரு தளத்திலும் மாடிப்படிக்கு முன்னால் கனமான கதவு ஒன்று இருக்கும். லிஃப்ட் ஓடும்வரை அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. லிஃப்ட் நின்றுபோன நாளில் தண்ணீர் கேன் சுமந்து வருபவர் அதைத் தள்ளித் திறப்பார். மறுபடி சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுப்பார். கேன் உள்ளே போய்விடும். செங்கல் அங்கேயே தங்கிவிடும்.

அந்தக் கதவுதான் ஃபயர் டோர். சாத்தியிருந்தால் மட்டுமே அதற்கு வேலை உண்டு.

தீ விபத்துகளில் நெருப்பைவிடப் புகையே அதிகம் பேரைக் கொல்கிறது. சூடான புகை மேலே ஏறும். மாடிப்படி திறந்து கிடந்தால், செங்கல் சூளையின் புகைபோக்கி போல அதை உறிஞ்சி இழுக்கும். தப்பிக்க வேண்டிய வழியே விஷக் குழாயாகிவிடும். பெங்களூரு பழைய விமான நிலையச் சாலையின் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் 2010 பிப்ரவரி 23 அன்று நடந்ததும் இதைப் போன்றதே. மின்கம்பிகள் செல்லும் ஷாஃப்ட் வழியே புகை தளம் தளமாகப் பரவியது. மூச்சுத் திணறிச் சிலர் ஜன்னல் வழியே குதித்தார்கள். ஒன்பது பேர் இறந்தனர். அவர்களை இழந்த குடும்பத்தினர் 'பியாண்ட் கார்ல்டன்' என்ற அமைப்பைத் தொடங்கி, இன்றும் தீப் பாதுகாப்புக்காக வாதாடுகிறார்கள்.

லிஃப்டும் அப்போது கைகொடுக்காது. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது, ஒரு சிறுமி உட்பட ஆறு பேர் உயிரிழந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்த நிலையில் மீட்கப்பட்டவர்கள் அவர்கள்.

வெளிப்பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் இந்தக் கதவுக்குள் ஏற்பாடுகள் நிறைய. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே வெப்பத்தைத் தடுக்கும் பொருளை அடைத்திருப்பார்கள். ஓரத்தில் மெல்லிய பட்டை ஒன்று ஓடும். சூடு ஏறினால் அது எண்ணெயில் விழுந்த பூரி போல உப்பி, கதவுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடுக்கை அடைத்துவிடும். மேலே இருக்கும் டோர் குளோசர், யார் திறந்துவிட்டுப் போனாலும் கதவை இழுத்துச் சாத்தும். சில கதவுகளில் உள்பக்கம் குறுக்குக் கம்பி உண்டு; இருட்டில் உடம்பால் மோதினாலும் திறந்துகொள்ளும். 1903-இல் சிகாகோவின் இரொக்வாய் தியேட்டரில், திறக்க முடியாத கதவுகளுக்குப் பின்னால் சிக்கி அறுநூறு பேருக்கு மேல் மாண்ட பிறகு பரவலான ஏற்பாடு அந்தக் கம்பி.

எவ்வளவு நேரம் தாங்கும்? அரை மணி, இரண்டு மணி நேரம் எனப் பல வகைகள் உண்டு. உயர்ந்த கட்டடங்களில் லிஃப்ட் லாபிக்கும் மாடிப்படிக்கும் 120 நிமிடம் தாங்கும் கதவு வேண்டும் என்கிறது 2016-இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. தீயணைப்பு வண்டி நெரிசலைக் கடந்து வந்து சேரும்வரை, மேல்தளத்துப் பாட்டியும் கைக்குழந்தைக்காரியும் படியிறங்கக் கிடைக்கும் நேரம் அது.

கதவு திறந்து கிடந்தால் அந்த நேரம் கிடைக்காது. 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் தீப்பிடித்தது. தீ, மூண்ட வீட்டையும் அதன் நடைவழியையும் தாண்டவில்லை. ஆனால் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய அந்த வீட்டுக் கதவு திறந்தே நின்றது. 15-ஆம் தளத்தில் படிக்கட்டுக் கதவும் திறந்திருந்தது. எட்டுக் குழந்தைகள் உட்பட 17 பேர் புகையில் மடிந்தார்கள்.

புறநகரில் அதிகம் இருப்பவை நான்கைந்து மாடிக் கட்டடங்கள்தான். அவற்றில் பலவற்றில் ஃபயர் டோரே இராது. அங்கே வீட்டு வாசற்கதவுதான் காவல். தீப்பிடித்த வீட்டிலிருந்து எல்லோரும் வெளியேறியதும் அதை இழுத்துச் சாத்தினால் போதும். மாடிப்படியில் புகை ஏறுவது தள்ளிப்போகும்.

ஃபயர் டோர் இருக்கும் கட்டடத்தில் அசோசியேஷன்காரர்கள் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கதவைப் பாதி திறந்து கையை எடுக்க வேண்டும். அது தானாகவே போய், தாழ்ப்பாளின் நாக்கு 'டக்' என்று விழ வேண்டும். விழவில்லை என்றால் குளோசரின் திருகைச் சரிசெய்யவோ, புதிதாக மாற்றவோ ஆளை அழைக்க வேண்டும். திருட்டுப் பயத்தால் போட்ட பூட்டையும், படியோரம் நிறுத்திய சைக்கிளையும், அந்தச் செங்கல்லையும் அன்றே எடுத்துவிட வேண்டும்.