ரோமா இனப்படுகொலை: ஜெர்மனி ஒப்புக்கொள்ள 37 ஆண்டுகள் ஆனது ஏன்?

சரக்கு ரயிலின் கதவிடுக்கில் ஒரு சிறுமி எட்டிப் பார்க்கிறாள். தலையில் துணி கட்டியிருக்கிறாள். நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமில் 1944 மே 19 அன்று படமாக்கப்பட்ட சில நொடிக் காட்சி இது. நாஜிக்களின் இனப்படுகொலை பற்றிய ஆவணப்படங்களில் இந்த முகம் திரும்பத் திரும்ப வந்தது. யூதச் சிறுமி என்றே உலகம் நம்பியது. அவள் சின்ட்டி இனத்தவள் என்பதை 1994-ல்தான் பத்திரிகையாளர் ஆட் வாகனார் கண்டுபிடித்தார். பெயர் செட்டெலா ஸ்டைன்பாக். வயது 9. ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டாள்.

அவளுடைய மக்களின் கதையும் இப்படித்தான் வெகுகாலம் வெளியே தெரியாமல் கிடந்தது.

யார் இவர்கள்?

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து கிளம்பி ஐரோப்பா போய்ச் சேர்ந்தவர்களின் வம்சாவளியினர் ரோமா. ரோமானி மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்பது யெக், துய், த்ரின். இந்தியின் ஏக், தோ, தீன் ஞாபகம் வருதா? ஜெர்மன் பேசும் பகுதிகளில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த பிரிவினர் சின்ட்டி. 'ஜிப்சி' என்பது மற்றவர்கள் வைத்த பெயர். அதை வசைச்சொல்லாகவே பலரும் பார்க்கிறார்கள்.

எப்படிக் குறிவைக்கப்பட்டார்கள்?

ஹிட்லர் வருவதற்கு முன்பே இவர்களைக் கண்காணிக்க மியூனிக் போலீஸ் தனிப் பிரிவு வைத்திருந்தது. 1935-ன் நியூரம்பெர்க் இனச் சட்டங்கள் யூதர்களைப் போல இவர்கள்மீதும் பாய்ந்தன. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, சுமார் 600 பேரைப் பிடித்து நகரின் ஓரத்தில் மார்சான் முகாமில் அடைத்தார்கள்.

அடுத்து வந்தது 'ஆராய்ச்சி'. ராபர்ட் ரிட்டர் என்ற மருத்துவரும் அவரது உதவியாளர் எவா யுஸ்டினும் குடும்பம் குடும்பமாக வம்ச விவரம் திரட்டினார்கள். யாரை ரயிலில் ஏற்றுவது என்று முடிவு செய்ய அந்தக் கோப்புகளே உதவின.

ஆஷ்விட்ஸில் என்ன நடந்தது?

1942 டிசம்பர் 16 அன்று ஹிம்லர் உத்தரவிட்டார். சுமார் 23,000 பேர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய 21,000 பேர் பசி, தொற்றுநோய், விஷவாயுவுக்குப் பலியானார்கள். 1944 ஆகஸ்ட் 2 இரவில் மட்டும் எஞ்சியிருந்த சுமார் 4,300 பேர் விஷவாயு அறைகளில் கொல்லப்பட்டார்கள். ஐரோப்பா முழுவதும் இறந்தவர்கள் இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு.

போர் முடிந்தது, நீதி கிடைத்ததா?

இல்லை. 1943-க்கு முன் நடந்தவை இன வெறுப்பால் அல்ல, குற்றத் தடுப்புக்காகவே என்று 1956-ல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பலருடைய இழப்பீட்டுக் கோரிக்கைகள் இதைக் காட்டியே நிராகரிக்கப்பட்டன. ரிட்டருக்கும் யுஸ்டினுக்குமோ ஃபிராங்க்ஃபர்ட் சுகாதாரத் துறையில் வேலை கிடைத்தது!

நீதிமன்றம் 1963-ல் தன் நிலைப்பாட்டை ஓரளவு மாற்றிக்கொண்டது. 1980-ல் முன்னாள் டாஹாவ் முகாமில் சின்ட்டி மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். முகாமிலிருந்து மீண்டவர்களும் அதில் இருந்தார்கள். 1982 மார்ச்சில் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட், நடந்தது இனப்படுகொலைதான் என்று அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டார்.

பிழைத்தவர்கள்?

சாயா ஸ்டோய்கா ஆஸ்திரிய ரோமா. சிறுமியாக ஆஷ்விட்ஸ், ராவன்ஸ்ப்ரூக், பெர்கன்-பெல்சன் என மூன்று முகாம்களையும் தாண்டி உயிர் பிழைத்தவர். 1988-ல் நினைவுக் குறிப்பு எழுதினார். பின்னர் அதே நினைவுகளை ஓவியங்களாகத் தீட்டினார். அதுவரை வீட்டுக்குள்ளேயே பேசப்பட்ட விஷயம் பொதுவெளிக்கு வந்தது.

இப்போது நிலைமை என்ன?

பெர்லினில் நினைவிடம் திறக்கப்பட்டது 2012-ல். ஆகஸ்ட் 2-ஐ நினைவு நாளாக ஐரோப்பிய நாடாளுமன்றம் ஏற்றது 2015-ல். செக் குடியரசின் லெட்டியில், ரோமா முகாம் இருந்த இடத்தில் 1970-களில் பன்றிப் பண்ணை கட்டியிருந்தார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு அதை அரசு விலைக்கு வாங்கி 2022-ல் இடித்தது. அங்கே நினைவிடம் வந்தது 2024-ல்தான்.