வாசலில் அமர்த்திய கணக்குப்பிள்ளை

கடை வைத்திருப்பவர் தம் கடைக்கு எத்தனை பேர் வந்தார்கள், எதை எடுத்துப் பார்த்தார்கள், எதை வாங்காமலே திரும்பினார்கள் என்று அறிய விரும்புவது நியாயமான ஆசையே. இணையதளம் நடத்துபவருக்கும் அதே ஆசை உண்டாகி, கூகுள் அனலிட்டிக்ஸ் போன்றதொரு கருவியை பிளகின் என்னும் துணைநிரல் ஒன்றின் மூலம் ஐந்து நிமிஷத்தில் பொருத்திவிட்டு, அத்துடன் அதை மறந்தும் போகிறார். அந்தக் கணக்குப்பிள்ளை அவரிடம் சம்பளம் வாங்குவதில்லை என்பதும், அவன் எழுதும் ஏடு வேறொருவர் வீட்டில் இருக்கிறது என்பதும் அவர் நினைவுக்கு வருவதே இல்லை.

வருகிறவரின் உலாவியில் அக்கருவி குக்கி என்னும் அடையாளக் குறியொன்றை வைக்கிறது; யாரும் மாற்றாவிட்டால் அதன் ஆயுள் 2 ஆண்டு. பார்த்த பக்கத்தின் முகவரியும் பார்த்த நேரமும் உடனுக்குடன் வெளியே போகின்றன. மருத்துவமனை ஒன்றின் முன்பதிவுப் பக்கத்து முகவரியில் ‘நீரிழிவு’ என்ற சொல்லும், படிவத்தை நிரப்பியவரின் தொலைபேசி எண்ணும் ஒட்டிக்கொண்டிருந்தால், அவ்விரண்டும் சேர்ந்தே போகும். இது வெறும் கற்பனைப் பயமன்று: பயனர்களின் உடல்நல விவரங்களை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் சாட்டிய குற்றத்துக்காக, குட்ஆர்எக்ஸ் என்ற மருந்துச் சலுகை நிறுவனம் 2023-இல் 15 லட்சம் டாலர் அபராதம் செலுத்த உடன்பட்டது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சம்மதம் சுதந்திரமாகவும் தெளிவாகவும் தரப்பட்டதாக இருக்கவேண்டும். அதற்கான அறிவிப்பைத் தமிழிலேயே கேட்டுப் பெறலாம். கொடுத்த சம்மதத்தைக் கொடுத்த அளவு சுலபமாகத் திரும்பப் பெறலாம். விவரங்களை அழிக்கவும் கோரலாம். 18 வயது நிரம்பாதவரின் நடவடிக்கைகளைப் பின்தொடர்வதைச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின் அமலாகும்.

பயனர் செய்யத்தக்கது, வேண்டாதபோது சம்மதம் மறுப்பதும், குக்கிகளை அவ்வப்போது அழிப்பதும், குறையிருந்தால் முதலில் அத்தளத்தாருக்கு எழுதி, பரிகாரம் கிட்டாவிடில், அக்கடமைகள் அமலான பின், அச்சட்டத்தின் கீழான தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அணுகுவதுமாகும். வாரியத்துக்குப் போகுமுன் தளத்தாரிடம் முறையிட்டிருப்பது அவசியமாதலால், அக்கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவேண்டும்.

தளம் நடத்துபவருக்கோ உபாயங்கள் எளியவை. சம்மதம் கிடைத்த பிறகே பிளகின் இயங்கும்படி அமைக்கலாம். பெயர், எண் முதலியவை பக்க முகவரியில் ஏறாமல் தடுக்கலாம். மட்டோமோ போன்ற கருவியைத் தம் சொந்த சர்வரிலேயே நிறுவி, ஏட்டைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இன்றே உங்கள் தளத்தைப் புதிய உலாவியில் திறந்து, எஃப்-12 விசையை அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியைப் பாருங்கள். ‘சம்மதம்’ பொத்தானை நீங்கள் தொடுமுன்னரே உங்கள் விவரம் வேறு வாசலுக்குப் போயிருந்தால், அந்தப் பொத்தான் வெறும் அலங்காரமே. அதை முதலில் திருத்துங்கள்.