உத்தியோகத்தை விட்டு ஸ்பானிய மொழி கற்கப் போகலாமா?

பட்டம் பெற்றதும் ஒரு கம்பெனியில் உத்தியோகம். மாதம் பிறந்தால் சம்பளம். இரண்டொரு ஆண்டில் பதவி உயர்வு. நம்மிற் பலருக்கு வீட்டார் வகுத்து வைத்திருக்கும் வழி இதுவே. இதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. கல்விக் கடனை அடைப்பதும், தங்கையின் படிப்பைத் தாங்குவதும் அந்தச் சம்பளந்தான். ஆனால், நான்கைந்து ஆண்டு வேலை பார்த்தபின் அதை விட்டுவிட்டு, அயல்நாடு சென்று ஸ்பானிய மொழி கற்று வருவோம் என்று புறப்படும் இளைஞரும் இன்று இருக்கின்றனர். அவர்களைப் பித்தர் என்பார் ஒரு சாரார். வீரர் என்பார் மற்றொரு சாரார். இரண்டும் அவசரத் தீர்ப்புகளே. செலவு எவ்வளவு, காலம் எவ்வளவு, கிடைப்பது என்ன என்று கணக்குப் பார்த்த பிறகே இதில் முடிவு சொல்ல முடியும். அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறோம்.

ஏன் இந்த மொழி?

ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் தொகை ஐம்பது கோடியை நெருங்குகிறது. மெக்ஸிகோவிலிருந்து அர்ஜென்டீனா வரை, ஸ்பெயினிலும், ஆப்பிரிக்காவில் எக்குவடோரியல் கினியிலுமாக இருபது நாடுகளில் அது ஆட்சிமொழி. ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளில் அதுவும் ஒன்று. ஒரு மொழியைக் கற்றால் இத்தனை நாடுகளின் கதவு திறப்பது உலகில் அரிது.

இந்தியர் இம்மொழியை நாடிச் சென்றதும் புதிதன்று. புரட்சியாளர் எம். என். ராய் 1917இல் மெக்ஸிகோ சென்றார். அங்கே ஸ்பானிய மொழி கற்றார். அம்மொழியில் அவருடைய நூலும் வெளிவந்தது. 1919இல் அந்நாட்டின் கம்யூனிஸ்டுக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவரானார். மெக்ஸிகோவின் பெருங்கவிஞர் ஒக்தாவியோ பாஸ் 1962 முதல் 1968 வரை நம் தில்லியில் தூதராக இருந்தார். 1968இல் தம் நாட்டு அரசு மாணவர் மீது துப்பாக்கிச் சூடு நடத்தியதைக் கண்டித்து அப்பதவியைத் துறந்தார். 1990இல் நோபல் பரிசு பெற்றவரும் அவரே.

தமிழருக்கு எளிதா?

சில இடங்களில் வியக்கத்தக்க அளவுக்கு எளிது. "பேசுகிறேன்" என்றால் பேசுபவர் யார் என்பது வினைமுற்றிலேயே விளங்கிவிடுகிறது. "நான்" என்று தனியே சொல்ல வேண்டுவதில்லை. ஸ்பானியத்திலும் "ஆப்லோ" என்ற ஒரு சொல்லே அப்பொருளைத் தந்துவிடும். நமக்கு நீ, நீங்கள் என்ற வேற்றுமை உண்டு. அவர்களுக்குத் தூ, உஸ்தெத். "எனக்குப் பிடிக்கும்" என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை அவர்களும் அவ்வாறே "மே குஸ்தா" என்பர். ஆங்கிலத்தின் வழியாகக் கற்பவர் தடுமாறும் இந்த இடத்தைத் தமிழர் எளிதிற் கடந்துவிடலாம்.

இன்னொன்று இன்னும் நுட்பமானது. நாம் "வீடு பார்த்தேன்" என்று உருபின்றியும் சொல்லலாம். ஆனால் "ஆசிரியர் பார்த்தேன்" என்பது பிழை, "ஆசிரியரைப் பார்த்தேன்" என்றே சொல்ல வேண்டும். ஸ்பானியத்திலும் வீட்டைக் காண்பதற்கு உருபு வேண்டுவதில்லை; குறிப்பிட்ட ஓர் ஆளைக் காண்பதற்கு, பெயருக்கு முன் "ஆ" என்ற சிறு சொல் வந்தாக வேண்டும். உயர்திணையைத் தனித்து மதிக்கும் இப்பழக்கம் நமக்கு அயலன்று.

ஒலியிலும் உறவு உண்டு. ஞகரம் அவர்களிடமும் உண்டு. "நாதா" என்ற சொல்லின் தகரத்தை அவர்கள் ஒலிப்பது, நாம் "அது" என்பதில் ஒலிக்கும் மெல்லிய தகரம் போன்றது. "பெரோ" என்றால் "ஆனால்". அதே ரகரத்தை உருட்டிப் "பெர்ரோ" என்றால் "நாய்". ரகர றகர வேற்றுமையைப் பள்ளியிற் பயின்றவர்க்கு இது விளங்காமற் போகாது.

இனி இடர்ப்பாடு. சொல்லின் முதலில் வரும் பகரத்தை வல்லொலியாகவும் மெல்லொலியாகவும் பிரித்துச் சொல்ல நம் எழுத்து பழக்கவில்லை. "பெஸோ" என்பதை வல்லொலியாகச் சொன்னால் மெக்ஸிகோவின் நாணயம்; மெல்லொலியாகச் சொன்னால் முத்தம். கடைக்காரரிடம் பத்து பெஸோ தரும்படி கேட்பவர் எச்சரிக்கையாக இருத்தல் நலம்! மேசைக்கும் கைக்கும்கூட ஆண்பால் பெண்பால் உண்டு என்பது அஃறிணை கண்ட நமக்குப் புதிது. "இருக்கிறேன்" என்பதற்குச் செர், எஸ்தார் என இரண்டு வினைகள்; ஒன்று இயல்பைக் குறிப்பது, மற்றொன்று நிலையையும் இடத்தையும் குறிப்பது. விருப்பம், ஐயம், வேண்டுகோள் ஆகியவற்றுக்கென வினை தனி வடிவம் கொள்வது நெடுநாட் பயிற்சியால் மட்டுமே வசப்படும்.

எங்கே, எப்படி?

தில்லிக்கு வந்த முதல் ஆண்டில் நம்மிற் பலர் இந்தி கற்றது எங்கே? வகுப்பில் அன்று, காய்கறிக்காரரிடமும், ஆட்டோக்காரரிடமும், விடுதிச் சமையலறையிலும். மொழியை அது வாழும் இடத்தில் கற்பதன் பயன் இதுவே. பேசாவிட்டால் அன்றைய சாப்பாடு கிடைக்காது என்னும் நிலை பெரிய ஆசிரியன்.

ஸ்பெயினில் சலமான்கா நகரம் இதற்குப் பெயர் பெற்றது. அங்குள்ள பல்கலைக்கழகம் 1218இல் தோன்றியது. ஆனால் செலவு மிகுதி. சிக்கனம் வேண்டுவோர் பலர் நாடுவது மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரம். ஸ்பானியர் ஆட்சியில் அது தலைநகராக இருந்தது. 1773இல் நிலநடுக்கம் அதைச் சிதைக்கவே, தலைநகர் வேறிடம் பெயர்ந்தது. இடிந்த கோயில்களும், எரிமலைகளின் காட்சியும், கல் பாவிய தெருக்களும் கொண்ட இவ்வூரை 1979இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இங்குள்ள பள்ளிகளின் முறை தனிச் சிறப்புடையது. ஒரு மாணவர்க்கு ஓர் ஆசிரியர். நாள்தோறும் நான்கைந்து மணி நேரப் பாடம். மற்ற நேரம் உள்ளூர்க் குடும்பம் ஒன்றில் தங்கி, அவர்களோடு மக்காச்சோள ரொட்டியும் கறுப்பு அவரையும் உண்டு பேசிப் பழகல். ஆனால் ஆன்டிகுவாவில் வெளிநாட்டார் மிகுதி. காப்பிக் கடைகளில் ஆங்கிலமே போதும். மனவுறுதி குறைந்தவர்க்கு, ஷேலா என வழங்கும் கெட்ஸால்தெனாங்கோ போன்ற ஊரே தக்கது. அந்நாட்டில் மாயன் குடும்ப மொழிகள் இருபதுக்கு மேல் வழங்குகின்றன. பலருக்கு ஸ்பானியமே இரண்டாம் மொழி. பல மொழி பேசும் நாட்டிலிருந்து செல்லும் நமக்கு அவர்கள் நிலை எளிதில் விளங்கும்.

எத்தனை காலம்?

கணக்கில் முதன்மையானது இதுவே. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. ஆங்கிலம் அறிந்தவர் ஸ்பானியத்தில் அலுவல் திறம் பெற ஏறத்தாழ 30 வாரம், வகுப்பு நேரம் 750 மணி என்பது அதன் மதிப்பீடு. தமிழுக்கு அது குறிப்பது 44 வாரம் என்பதையும் இங்கே நினைவு கொள்க.

நாளுக்கு ஐந்து மணி, வாரத்திற்கு ஐந்து நாள் என்றால் வாரம் 25 மணி. மூன்று மாதத்தில் 300 மணி. அதாவது, இலக்கில் ஐந்தில் இரண்டு பங்கு. சந்தையில் பேரம் பேசலாம். பேருந்தில் கதை பேசலாம். ஒப்பந்தம் ஒன்றை மொழிபெயர்க்க முடியாது. "மூன்றே மாதத்தில் சரளம்" என்னும் விளம்பரத்தை நம்பி வேலையை விடுபவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆதலின், முதல் 150 மணி நேரத்தை வேலையில் இருக்கும்போதே முடித்துவிடுவது அறிவுடைமை. தில்லியில் ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் இருக்கிறது. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஸ்பானியப் பாடம் உண்டு. ஆறு மாதம் வார இறுதியில் வகுப்புக்குச் செல்ல மனம் வராதவர், அயல்நாடு சென்றால் மட்டும் கற்றுவிடுவார் என்பது ஐயமே. அவர் நாடுவது மொழியை அன்று, ஓய்வை. ஓய்வு வேண்டுவதும் குற்றமன்று. அதற்கு இவ்வளவு தொலைவு போக வேண்டுவதில்லை.

வேலையை விடுமுன்

சம்பளமில்லா விடுப்புக் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிடில், அறிவிப்புக் காலம் எவ்வளவு, ஒப்பந்தப்படி திருப்பிக் கட்ட வேண்டிய தொகை உண்டா என்று பார்க்க வேண்டும். பணிக்கொடைக்கு ஐந்தாண்டுத் தொடர்பணி வேண்டும் என்பது பொதுவிதி. நான்காண்டும் சில மாதமும் ஆனவர் நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது. கம்பெனி தந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். பெற்றோரும் அதன் கீழ் இருந்தால், அவர்களுக்கு வேறு ஏற்பாடு செய்யாமல் விமானம் ஏறலாகாது.

கைப்பணத்தை மூன்றாகப் பிரித்து வைக்க வேண்டும். ஒரு பங்கு பயணத்துக்கும் படிப்புக்கும்; ஒரு பங்கு திரும்பிய பின் வேலை தேடும் ஆறு மாதத்துக்கு; ஒரு பங்கு, வீட்டில் யாருக்கேனும் உடல்நலம் குன்றினால் உடனே திரும்புவதற்கு. மூன்றாம் பங்கு இல்லாதவர் இன்னும் ஓராண்டு பொறுப்பதே முறை. விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. அவற்றை உரிய தூதரகத்திலேயே கேட்டறிய வேண்டும்.

திரும்பிய பின்

மொழி மட்டுமே சோறு போடும் என்று எண்ணலாகாது. மருந்து, மோட்டார் சைக்கிள் முதலியவை இந்தியாவிலிருந்து லத்தீன் அமெரிக்காவுக்குச் செல்கின்றன. கணக்கோ, பொறியியலோ, மருந்தியலோ அறிந்தவர் ஸ்பானியமும் அறிந்தால் அவருக்கு மதிப்புக் கூடும். கற்றதற்குச் சான்றாக டெலே என்னும் தேர்வு உண்டு. அது ஆறு படிகள் கொண்டது. அதன் சான்றிதழுக்குக் காலவரை இல்லை. அலுவலுக்கு நான்காம் படியேனும் எட்டுவது நன்று.

நண்பர்களே, இருபத்தைந்து வயதில் நான்கு மாதச் சம்பளத்தை இழப்பது பெரிதன்று. பெற்றோரின் நம்பிக்கையை இழப்பது பெரிது. ஆகவே, முடிவெடுத்த பிறகு செய்தியாகச் சொல்லாமல், கணக்குப் போடும்போதே அவர்களை உடன் வைத்துக்கொள்ளுங்கள். தாளில் எழுதிய கணக்கைக் கண்ட தந்தை, கனவை மட்டும் கேட்ட தந்தையைவிட எளிதில் இசைவார். அந்தக் கணக்கு நேராக வந்தால், தயங்காமற் புறப்படுங்கள்.