அப்பா பக்கம், மகன் பக்கம்

பேராவூரணியில் பஸ் ஏறி, பட்டுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் போகிறவர்கள் ஒரத்தநாட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நடிகர் முத்துராமன் அந்தப் பக்கத்துக்காரர். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தின் நோயாளிக் கணவரை மறக்க முடியுமா?

அவரைப் பற்றிய பத்திரிகைத் துணுக்குகளைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் ஒட்டினால், 1981-ஐப் புரட்டும்போது கை தயங்கும். ஜூலையில் மகன் கார்த்திக்கின் முதல் படம் ‘அலைகள் ஓய்வதில்லை’ வந்தது. அக்டோபரில், ஊட்டிக்குப் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் தந்தை காலமானார். புதுமுகத்துக்குப் பாராட்டும் அப்பாவுக்கு அஞ்சலியும் நாலைந்து தாள் இடைவெளியில். 2013-இல் ‘கடல்’ படம் வழியாகப் பேரன் கௌதமும் வந்துவிட, நோட்டு இன்னும் தடிக்கும்.

நடிகர் வீட்டில்தான் இப்படி ஒட்டுவார்கள் என்றில்லை, ரசிகர்களும் ஒட்டினார்கள். பழைய கணக்கு நோட்டு, காய்ச்சிய மைதாப் பசை, வாரப் பத்திரிகைப் படம், பாட்டுப் புத்தக அட்டை. வம்பே அந்தப் பசையில்தான்: பூச்சிக்கு அது விருந்து. செய்தித்தாளோ மரக்கூழில் செய்தது. அதிலுள்ள அமிலம் தாளைப் பழுப்பாக்கி, அப்பளமாக நொறுக்கிவிடும். நம் பக்கத்துக் கடலோர ஈரக்காற்று வேறு. பலர் தேதியையும் பத்திரிகைப் பெயரையும் குறிக்காமலே கத்தரித்துவிட்டார்கள். பின்னால் தேடுகிறவர்களுக்குப் பெரிய தலைவலி அதுதான்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு நோட்டு இருந்தால், ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், செல்லோடேப் போடாதீர்கள். பக்கம் பக்கமாக செல்போனில் படம் எடுத்துவிட்டு, நோட்டை ஈரம் படாத அலமாரியில் படுக்கையாக வையுங்கள்.