சோயாவின் பச்சை வாடையும் கன ஹைடிரஜனும்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனிலுள்ள ஒரு வீட்டுச் சமையலறையில், ஊறவைத்த சோயா அவரையைக் குளிர்ந்த நீர் விட்டு அரைத்தால் சில நிமிடங்களுக்குள் பச்சை வாடை கிளம்பும். அதே அவரையைக் கொதிநீர் விட்டு அரைத்தால் வாடை பெரிதும் அடங்கிவிடும். சோயாவைச் சத்துணவாகப் பரிந்துரைக்கும் ஊழியர்கள், மக்கள் முகஞ் சுளிப்பது பெரும்பாலும் இந்த வாடையைக் கண்டே என்பதை அறிவர்.

வாடைக்குக் காரணம் லிப்பாக்சிஜனேஸ் என்னும் நொதியாகும். முழு அவரையில் அது எண்ணெயினின்றும் பிரிந்து கிடக்கிறது. அரைத்தவுடன் நொதியும், எண்ணெயிலிருந்து வரும் லினோலியிக் அமிலமும், காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒன்றுகூடுகின்றன. நொதியின் நடுவேயுள்ள இரும்பு அணு, அமிலத்தின் பதினோராவது கார்பனிலிருந்து ஒரு ஹைடிரஜனைப் பறிக்கிறது. பின்னர் அமிலத்தோடு பிராணவாயு சேர்ந்து பெராக்சைடு உண்டாகிறது. அது சிதைந்து, ஹெக்சனால் முதலிய வாடைப் பொருள்களைத் தருகிறது.

ஹைடிரஜனைப் பறிக்கிறது என்று எளிதாகக் கூறிவிட்டோம். உண்மையில் ஹைடிரஜன் அணு ஒரு புரோட்டானும் ஓர் எலக்ட்ரானும் சேர்ந்ததன்றோ! இங்கே எலக்ட்ரான் இரும்பிடம் செல்கிறது. புரோட்டானோ, இரும்பை ஒட்டியுள்ள ஹைடிராக்சில் தொகுதியை அடைந்து அதனை நீராக்குகிறது. இரண்டும் ஒருங்கே செல்கின்றனவா, ஒன்றன்பின் ஒன்றாகவா? எலக்ட்ரானுக்கு அடையாளக் குறி இட இயலாது. ஆனால் அதன் துணையாகிய புரோட்டானுக்கு இடலாம்.

அந்தக் குறிதான் டியூட்டிரியம் என்னும் கன ஹைடிரஜன். 1931-இல் ஹெரால்டு யூரி இதனைக் கண்டறிந்தார். 1934-இல் நோபெல் பரிசும் பெற்றார். இயற்கை நீரிலுள்ள ஹைடிரஜனில் ஏறத்தாழ 6,400 அணுக்களுக்கு ஒன்றே இவ்வகையைச் சேர்ந்தது. நம் நாட்டில் இதனைப் பிரித்துக் கனநீர் தயாரிக்கும் முதல் ஆலை நங்கலில் 1962-இல் இயங்கத் தொடங்கியது. தூத்துக்குடி ஆலை 1978-இல் தொடங்கிற்று.

டியூட்டிரியத்தின் ரசாயன குணம் ஹைடிரஜனை ஒத்ததே. எடை மட்டும் இரு மடங்கு. அணுக்கள் பிணைப்பில் ஒருபோதும் அசைவற்று இருப்பதில்லை. இலேசான அணு சற்று உயர்ந்த சக்தி நிலையில் அதிர்கிறது. கனமானது தாழ்ந்து நிற்கிறது. ஆதலின் பிணைப்பை அறுத்து வெளிவரக் கன அணுவுக்குக் கூடுதல் சக்தி வேண்டும். பழைய கணக்குப்படி, சாதாரண வெப்பத்தில் வினை ஏறத்தாழ ஏழு மடங்கு மெதுவாகும்.

ஜூடித் கிளின்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடன் உழைத்தவர்களும் 1994-இல் சோயா நொதியைக் குறித்து வெளியிட்ட முடிவு இந்தக் கணக்கை மீறியது. சாதாரண லினோலியிக் அமிலத்தில் ஒரு நொதி மூலக்கூறு நொடிக்குச் சுமார் 300 வினைகளை நிகழ்த்தியது. பதினோராவது கார்பனில் டியூட்டிரியம் ஏற்றிய அமிலத்திலோ நான்கு வினைகள்கூட நடக்கவில்லை. விகிதம் ஏழன்று, ஏறத்தாழ எண்பது! வெப்பத்தைக் கூட்டினாலும் இவ்விகிதம் அதிகம் மாறவில்லை.

மதிலை ஏறிக் கடப்பதாகக் கொண்டால் இது விளங்காது. புரோட்டான் மதிலை ஊடுருவியே செல்கிறது. மிக நுண்ணிய பொருள்களுக்கு அலைத்தன்மை உண்டு என்பதன் விளைவு இது. எலக்ட்ரான் பல ஆங்ஸ்ட்ராம் தூரத்தையும் இவ்வாறு ஊடுருவவல்லது. அதனினும் 1,836 மடங்கு கனத்த புரோட்டானுக்கு மிகக் குறுகிய தூரமே இயலும். டியூட்டிரியத்துக்கு அதனினும் அரிது.

இங்கேதான் எலக்ட்ரானைப் பற்றிய விடையும் கிடைக்கிறது. மெதுவான படியில் எலக்ட்ரான் மட்டுமே தனித்துச் சென்றிருப்பின், துணையின் எடையை இரட்டித்ததால் வேகம் இவ்வளவு குன்றியிராது. புரோட்டான் மட்டும் முன்னே செல்லவும் வழியில்லை. அந்தக் கார்பன் அதனை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே இரண்டும் ஒருங்கே செல்கின்றன என்பதே பொருந்தும். ஷாரன் ஹாம்ஸ்-ஷிஃபர் முதலியோரின் கணிதக் கோட்பாடும் இதனையே ஆதரிக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ஒரே வாய்க்காலில் பல மதகுகள் இருப்பின், மிகக் குறுகிய மதகே நீரின் அளவைத் தீர்மானிக்கும். அகன்ற மதகைச் சிறிது அடைத்தாலும் வித்தியாசம் தெரியாது. அதுபோல, ஹைடிரஜன் நகரும் படி மெதுவானதாக இல்லாவிடில் ஐசோடோப் விளைவு மறைந்துபோகும். சிறிய விகிதத்தைக் கண்டு அவசர முடிவுக்கு வருவது தவறு.

நொதியிலுள்ள இரண்டு லூசின்களை நீக்கி, அவற்றிடத்தில் சிறிய அலனின்களை வைத்தபோது விகிதம் 500-க்கும் மேலாயிற்று என 2014-இல் அறிவிக்கப்பட்டது. அணுக்கள் நெருங்கி நிற்பதற்கு அந்த இரண்டு லூசின்களும் எத்துணை உதவின என்பது இதனால் புலனாகும்.

பள்ளியில் டியூட்டிரியம் கிடைக்காது. ஆயினும் ஊறிய அவரையில் ஒரு பிடியைக் குளிர்ந்த நீரிலும், மற்றொரு பிடியைக் கொதிநீரிலும் அரைத்து, மாணவர்களை முகர்ந்து பார்க்கச் செய்யலாம். கொதிநீர் நொதியைச் செயலிழக்கச் செய்வதால் இரண்டாவது கிண்ணத்தில் வாடை குறைந்திருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1967-இல் வெளியிட்ட சோயாப்பால் முறையும் இதனை ஒட்டியதே. அரைக்கும்பொழுதே நீர் சூடாக இருக்கவேண்டும். அரைத்தபின் கொதிக்கவைத்தால் அதற்குள் வாடை பிறந்துவிடும். இந்தூர் சோயா ஆராய்ச்சி நிறுவனத்தார் உருவாக்கிய என்.ஆர்.சி. 142 என்னும் ரகத்தில், இந்நொதியின் வகைகளுள் வாடைக்குப் பெரிதும் காரணமான இரண்டாவது வகை இல்லை.