கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி

கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்பது புதுச்சேரியில் 1971 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மட்பாண்டப் பட்டறை ஆகும். அமெரிக்கர்களான டெபோரா ஸ்மித், ரே மீக்கர் ஆகியோர் இதனை நிறுவினர். ஸ்டோன்வேர் எனப்படும் மட்பாண்ட வகையில் தட்டு, கிண்ணம், குவளை முதலிய அன்றாடப் பயன்பாட்டுப் பொருட்களைக் கையால் செய்தமைக்காக இது அறியப்படுகிறது.

ஸ்டோன்வேர்

தர்மபுரி உட்படத் தமிழக மாவட்டங்களில் மரபுவழிக் குயவர்கள் செய்யும் பானை, சட்டி ஆகியவை பெரும்பாலும் 1000 பாகை செல்சியசுக்குக் குறைவான வெப்பத்தில் சுடப்படுகின்றன. இவற்றில் நுண்துளைகள் எஞ்சியிருக்கும். பானையில் நீர் குளிர்வதற்கு அத்துளைகளே காரணம். ஆனால் எண்ணெயும் புளிப்பும் அவற்றில் ஊறிவிடும்.

ஸ்டோன்வேர் ஏறத்தாழ 1200 முதல் 1300 பாகை வரையான வெப்பத்தில் சுடப்படுகிறது. அப்போது களிமண்ணுடன் உள்ள பெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள் உருகிக் கண்ணாடித்தன்மை அடைந்து துளைகளை நிரப்புகின்றன. இதனால் பாண்டம் கல்போல் இறுகி, நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். வீடுகளில் உள்ள ஊறுகாய் ஜாடி இவ்வகையைச் சேர்ந்தது. மாக்கல்லைக் குடைந்து செய்யப்படும் கற்சட்டி இதனின்றும் வேறானது. மண்சட்டியைப் போல் ஸ்டோன்வேரை நேரடியாக அடுப்பில் வைத்தல் பொதுவாக ஏற்றதன்று. திடீர் வெப்பத்தில் விரிசல் உண்டாகும்.

செய்முறை

பிசைந்த களிமண் சக்கரத்தில் வனையப்படுகிறது. பாண்டம் அரைகுறையாக உலர்ந்த பதத்தில் அடிப்பகுதி சீவப்பட்டு, கைப்பிடி ஒட்டப்படுகிறது. முற்றிலும் உலர்ந்தபின் ஏறத்தாழ 900 முதல் 1000 பாகையில் முதல் சூடு நடைபெறும். பின்னர் கனிமப் பொடிகளை நீரில் கரைத்த கண்ணாடிப்பூச்சில் தோய்த்து, மீண்டும் உயர்வெப்பத்தில் சுடுவர். அடியில் பூச்சு இருந்தால் பாண்டம் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். எனவே அது துடைக்கப்படுகிறது. களிமண் பத்தில் ஒரு பங்கு அளவிற்குச் சுருங்குவதால், முன்கூட்டியே பெரிதாக வனைய வேண்டும்.

நிறம் சூளையின் காற்றையும் பொறுத்தது. பூச்சில் சிறிதளவு இரும்பு ஆக்சைடு இருப்பின், ஆக்சிசன் மிகுந்த நிலையில் மஞ்சளும் பழுப்பும், குறைந்த நிலையில் நீலப்பச்சையும் கிடைக்கும். விறகுச் சூளையில் இதனைக் கட்டுப்படுத்துதல் கடினம். சுடுதலில் நேரும் ஒரு பிழை பல நாள் உழைப்பை வீணாக்கக்கூடும். இப்பட்டறையின் சூளைகளுக்குச் சவுக்கு விறகு எரிபொருளாகப் பயன்பட்டது.

வரலாறு

டெபோரா ஸ்மித் சப்பானின் பிசென் பகுதியில் மட்பாண்டக் கலை பயின்றவர். ரே மீக்கர் தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலையும் மட்பாண்டக் கலையும் கற்றவர். உள்ளூர்த் தொழிலாளர்களைப் பழக்கி உணவுமேசைப் பாண்டங்களை உருவாக்கும் பணியை ஸ்மித் கவனித்தார். அவற்றின் விற்பனையே பட்டறையைத் தாங்கியது. மீக்கர் மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

1980களில் மீக்கர், பச்சை மண்ணால் வீட்டைக் கட்டி அதனையே சூளையாகச் சுடும் முறையில் ஈடுபட்டார். வீட்டினுள் செங்கற்களும் பிற மண்பொருட்களும் அடுக்கப்பட்டன. அவற்றை விற்று எரிபொருள் செலவை ஈடுகட்டுவது நோக்கமாகும்.

தாக்கம்

இங்குப் பயின்றவர்கள் இந்தியாவின் பல பகுதிகளில் சொந்தப் பட்டறைகளை அமைத்தனர். இங்குப் பணியாற்றிய உள்ளூர்த் தொழிலாளர்கள் சிலரும் தனித் தொழில் தொடங்கினர். குலத்தொழிலாக அல்லாமல் கூலிவேலையாகவும் இக்கைத்திறனைக் கற்று, அதனை வாழ்வாதாரமாக்க முடியும் என்பதை இது காட்டியது. இவ்வகைப் பாண்டங்கள் இன்று பாண்டிச்சேரி பாட்டரி என்ற பெயரால் அறியப்படுகின்றன.